கைத்தடி எந்தக் கையில்?

விகன், இங்கிலாந்து
தை மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

மார்கழியில் உன்னோடு நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு வந்த நாலு காலைகளும் கண்ணிலேயே நிற்கின்றன. வலி வலது இடுப்பில். தடியும் வலது கையில். பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு சுற்று நடந்தாய். இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு முன்னால் எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். வலியோடு நடக்கச் சொல்லவில்லையே! வீட்டுக்கு வந்ததும் அமிர்தாஞ்சனம். 1893-ல் பம்பாயில் அதை ஆரம்பித்தவர் பெயரில்தான் அந்தப் பூங்காவே இருக்கிறது. ஆனால் தேய்ந்திருப்பது உள்ளே இருக்கும் குருத்தெலும்பு, அக்கா. தைலம் அங்கே எட்டாது.

முதலில் தடியை இடது கைக்கு மாற்று. வலது காலில் நிற்கும் நொடியில் உடம்பு இடப்பக்கம் சரியாமல் வலப்பக்கத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பும் சேர்வதால், நடக்கும்போது இடுப்பு மூட்டு உடம்பின் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு சுமக்கிறது. இடது கையில் பிடித்த தடி அந்த இழுப்பில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். 5 கிலோ நீ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் சுமார் 12 கிலோ மூட்டுக்கு மிச்சம்.

அதற்காக ராச்சாப்பாட்டையே நிறுத்துவதா? அத்திம்பேர் அதைப் பெருமையாகச் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரைந்துபோகும். ஆபரேஷனுக்கு மறுநாளே வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கச் சொல்வார்கள். அப்போது உனக்குக் கைகொடுப்பது அந்தத் தசைதான். சாதத்தைப் பாதியாக்கு, மாடவீதி பக்கோடாவை விடு. பருப்பும் சுண்டலும் தயிரும் குறையவே கூடாது. ரத்தச்சோகை இருக்கிறதா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடு. சர்க்கரை ஏறியிருந்தால் புண் சீக்கிரம் ஆறாது, சீழ் பிடிக்கவும் வழியுண்டு. அதே காரணத்துக்காகச் சொத்தைப் பல்லைக் காட்டுவதையும் தள்ளிப்போடாதே.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரி. தேய்ந்த இடுப்பு மூட்டுக்குப் பதிலாகச் சின்ன எஃகுக் குண்டையும் பாலிஎதிலீன் கிண்ணத்தையும் எலும்பில் சிமென்ட் வைத்துப் பதிக்கும் முறையை டாக்டர் ஜான் சார்ன்லி 1962 நவம்பரில் அங்கேதான் தொடங்கினார். அந்த வழியாகக் கார் போகும்போதெல்லாம் உன் நினைவுதான். வாசலில் கோலம் போடக் குனிய முடியாமல், வேலைக்கு வரும் பெண்ணிடம் மாவுக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் படியில் நின்றாயே, அதை என்னால் மறக்க முடியவில்லை.

ஆறு சுற்று வேண்டாம். ஒரு சுற்று மெதுவாக நட, பெஞ்சில் உட்கார், முடிந்தால் இன்னொன்று. வீட்டில் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உயரமாக ஒரு மெத்தை போட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திரு. திரும்ப மெதுவாக உட்கார். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்கு. மூட்டில் சுரீரென்று குத்தினால் உடனே நிறுத்தி, பிசியோதெரபிஸ்டிடம் கேள். பூஜை அறையில் மணையை எடுத்துவிட்டு நாற்காலி போடச் சொல். ஆபரேஷனுக்குப் பிறகு தரையில் உட்காரவே கூடாது, இப்போதே பழகிக்கொள்.

திங்கட்கிழமை ராத்திரி எட்டரைக்கு, இங்கே பகல் மூன்று மணி, வீடியோவில் கூப்பிடுகிறேன். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு வை. நானும் இங்கே ஒன்று போட்டுக்கொள்கிறேன்.

உன் தங்கை