சுரங்கம் மூடியாச்சு... ரயில் ஓடுது!

'கே.ஜி.எஃப்'னா உடனே ராக்கி பாய் ஞாபகம் வருதா? நிஜ கே.ஜி.எஃப்-ல ஹீரோ ஒரு பாசஞ்சர் ரயில்தாங்க!

அரியலூர்ல ரயில் ஏறி, விழுப்புரம், காட்பாடியில மாறினா பங்காருப்பேட்டை. அங்கிருந்து மாரிக்குப்பம் வரைக்கும் ஒரு கிளைப்பாதை பிரியுது. சுமார் 16 கி.மீ.தான். வழியில வர்ற ஸ்டேஷன் பேரைப் பாருங்க... கோரமண்டல், உரிகம், சாம்பியன். எல்லாமே தங்கச் சுரங்கங்களோட பேர்!

1880-கள்ல இங்கிலாந்தின் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வெச்சுது. வட ஆற்காடு பக்கமிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமா வந்து சுரங்கத்துல இறங்கினாங்க. 1894-ல இந்தப் பாதை வந்துச்சு. இன்ஜினீயரிங் பசங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா தகவல்: 1902-லயே சிவசமுத்திரத்துல இருந்து சுமார் 150 கி.மீ. கம்பி இழுத்து இங்கே கரன்ட் கொண்டு வந்துட்டாங்க!

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தோட ஆழம் 3 கி.மீ.க்கும் மேல. அங்கே பாறையே 60 டிகிரிக்கு மேல கொதிக்கும். அந்த அனல்ல நின்னு வெட்டி எடுத்த தங்கம் மொத்தம் 800 டன்னுக்குப் பக்கம். ஆனா போகப் போக, கிடைக்கிற தங்கத்தைவிட எடுக்கிற செலவு எகிறிடுச்சு. 2001 பிப்ரவரி 28-ல சுரங்கத்தை இழுத்து மூடிட்டாங்க.

இன்னிக்கு அங்கே மிஞ்சியிருக்கிறது துருப்பிடிச்ச இரும்புக் கோபுரங்கள், வரிசை வரிசையா லைன் வீடுகள், 'சயனைடு மலை'னு சொல்ற கழிவு மண் குன்றுகள். அப்புறம், அந்த ரயில்! சுரங்கத்துக்காகப் போட்ட பாதையில, சுரங்கத் தொழிலாளிகளோட பிள்ளைங்க தினமும் விடியறதுக்குள்ள கிளம்பி பெங்களூருக்கு வேலைக்குப் போறாங்க. ராத்திரிதான் வீடு. அந்த ரயில் இல்லைன்னா ஊரே காலியாகியிருக்கும்.

எங்க திருமானூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியைப் பார்க்காம ரோட்டைத் தாண்ட முடியாது. அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குத் தீனியே அந்தக் கல்தான். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இங்கே இருந்த கடல் விட்டுட்டுப் போன சொத்து அது. அள்ளினா திரும்ப வளராது.

கே.ஜி.எஃப்-க்காவது பக்கத்துல பெங்களூர் இருந்துச்சு. போய் வர ஒரு ரயிலும் இருந்துச்சு. நம்ம ஊர்ல கல் தீர்ந்தா, குழிகளைத் தவிர என்ன இருக்கும்? லாரி ஓடிக்கிட்டு இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது பாஸ்!