ஆணியில்லாப் பாலம்



கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பி, நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் குடியேறிய மூதாட்டி ஒருவர் என் சபையில் இருக்கிறார். அவருடைய மகன்கள் இருவரும் ஒரு கிணற்றுப் பங்கிற்காக மூன்றாண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை. சென்ற மாதம் நான் முன்னின்று, ஆறு நிபந்தனைகளோடு உடன்படிக்கை எழுதி, இருவரிடமும் கையொப்பம் பெற்றேன். அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

"ஆணி அடிச்சுப் பாத்தீங்க ஐயா, நிக்கல" என்றார் அந்தத் தாயார். "பேராதனையில ஆணியே இல்லாம மரப்பாலம் நின்னுச்சுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு."

தேடிப் படித்தேன். கொழும்பு-கண்டிச் சாலை மகாவலி கங்கையைக் கடக்கும் இடத்தில், 1832-33இல், லெப்டினன்ட் கர்னல் பிரேசர் என்பவர் அமைத்த பாலம் அது. 205 அடி அகலத்தை ஒரே வளைவில் தாண்டியது. ஆற்றின் நடுவே ஒரு தூணும் இல்லை. ஆணியோ திருகாணியோ இன்றிக் கட்டப்பட்டதெனப் பழைய நூல்கள் வியக்கின்றன. மரமோ முதிரை. நம் மாவட்டத்து வறண்ட காடுகளிலும் வளர்வதுதான். பொரசு என்பாரும் உண்டு. எவ்வளவு கடினமான மரம் என்பதை அதில் உளி வைத்த தச்சரைக் கேளுங்கள்.

கண்டிக்கு 1867இல் இரயில் வரும்வரை, மலைநாட்டுக் காப்பி மூட்டைகளை ஏற்றிய மாட்டுவண்டிகள் கொழும்புத் துறைமுகத்துக்குச் சென்ற சாலை அது. அத்தனை பாரத்தையும் அந்த மரங்கள் தாங்கின. வளைவின் இயல்பு அப்படி. மேலே சுமை ஏறும்போது ஒரு மரம் அடுத்ததை நெருக்குகிறது, பொருத்துகள் இறுகுகின்றன, பாரம் இரு கரைகளுக்கும் இறங்குகிறது. ஆனால் ஒவ்வொரு மரமும் தன் அண்டை மரத்துக்கு இடங்கொடுக்கும்படி முன்னதாகவே அளந்து செதுக்கப்பட்டிருக்க வேண்டும். எழுபது ஆண்டுகளுக்கு மேல் நின்ற அப்பாலம் 1905இல் எஃகுப் பாலத்துக்கு இடம்விட்டது. மூதாட்டி தம் இளமையில் கடந்தது அந்த எஃகுப் பாலத்தைத்தான்.

சாலொமோன் ஆலயம் கட்டியபோது சுத்தியலோசை அங்கே கேட்கவில்லை என்று 1 இராஜாக்கள் 6:7இல் வாசிக்கிறோம். கற்கள் முன்னமே பணிதீர்ந்து வந்திருந்தன. இதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். இருந்தும் அந்த ஆறு நிபந்தனைகளும் நான் எழுதியவை. அவற்றை எழுதுமுன் மூத்தவரிடமோ இளையவரிடமோ தனித்து அமர்ந்து ஒரு வார்த்தை கேட்டேனில்லை.

வரும் சனிக்கிழமை மாலை முதலில் மூத்தவர் வீட்டுக்குச் செல்கிறேன். தாளும் பேனாவும் கொண்டுபோவதாக இல்லை. எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.