கை அழுந்தாமல்

வலது கண்ணில் கண்புரை அறுவை முடிந்து வீடு திரும்பிய அம்மாவுக்கு அரிசியில் கிடக்கும் கல் பளிச்சென்று தெரிந்தது. தெருமுனையில் வரும் பஸ்ஸின் நம்பர் தெரியவில்லை. சோதித்தால் மைனஸ் ஒன்றரை. "லென்ஸ் நல்ல லென்ஸ்தான், அளவுல பிசகு" என்றார் கண் பரிசோதகரான நண்பர். பெங்களூரில் அவர் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு, அளவெடுப்பவரைப் பார்க்க வரச் சொன்னார். அம்மாவின் கேஸ் ஷீட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அளவு என்பது கண்ணின் நீளம்: கருவிழியின் முன்பக்கத்திலிருந்து விழித்திரை வரை, பெரியவர்களுக்குச் சுமார் 23.5 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் பார்வையில் இரண்டரை, மூன்று பவர் தவறும். 1949இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தபோது, அந்த நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வைதான் மிஞ்சியது.

சின்ன அறை. ஹொசகோட்டேயிலிருந்து கேம்ப் வண்டியில் வந்த மூதாட்டி உட்கார்ந்திருந்தார். அளவெடுக்கும் அக்கா மரத்துப்போகும் சொட்டு விட்டு, பேனா போன்ற புரோபைக் கருவிழியின் நடுவில் வைத்தார். வைத்தார் என்பதுகூட அதிகம். கண்ணீர்ப் படலத்தைத் தொட்டு நிறுத்தினார். "அஜ்ஜி, கெம்பு லைட் நோடி, அல்லாடபேடி." சிவப்பு விளக்கைப் பாருங்கள், அசையாதீர்கள் என்று கன்னடத்தில். திரையில் கூர்முனைகள் எழுந்தன: கருவிழி, லென்ஸின் முன்பக்கம், பின்பக்கம், கடைசியில் சுவர்போல நெட்டுக்குத்தாக விழித்திரை. புரோப் அனுப்பும் ஒலி போய்த் திரும்பும் நேரத்தை நீளமாக மாற்றுவது எந்திரம். லென்ஸுக்குள் நொடிக்கு 1,641 மீட்டர், கண்ணின் நீர்மத்தில் 1,532 மீட்டர் வேகம்.

பத்து அளவுகள் எடுத்து மூன்றை அழித்தார். "முன்னறை ஆழம் கொறஞ்சிருக்கு பாருங்க. கை அழுந்திடுச்சுன்னு அர்த்தம்." கருவிழிக்கும் லென்ஸுக்கும் இடையிலுள்ள பள்ளம் அது. லேசாக அழுத்தினாலே கண் குட்டையாகிவிடும். குட்டைக் கண்ணுக்கு எந்திரம் கூடுதல் பவர் சொல்லும். அடுத்து வந்த கருவிழி வளைவுக் கணக்கை நான் தொடரவில்லை. அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டுவிரல் மூதாட்டியின் கன்னத்தில் ஊன்றியிருந்தது, மற்றவை காற்றில்.

பக்கத்து அறையில் ஒளியால் அளக்கும் எந்திரம் இருக்கிறது. 1999இல் சந்தைக்கு வந்த வகை. கண்ணைத் தொடவே வேண்டாம். ஆனால் முற்றிப் பால்போல வெளுத்த புரையை ஒளி தாண்டுவதில்லை. புரை முற்றும்வரை வராதவர்கள் யார்? கூலி போய்விடுமே என்று தள்ளிப்போட்டவர்கள். அவர்களுக்கு இந்தக் கைதான் கதி.

அக்கா கோலார் தங்கவயல்காரர். அப்பா சுரங்கத் தொழிலாளி. 2001இல் சுரங்கம் மூடியபோது அக்கா பிளஸ் டூ. இன்றும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறுகிறார். "அப்பா கம்பியால பாறையத் தட்டிப் பாப்பாரு. சத்தம் பொள்ளலாக் கேட்டா அந்தப் பக்கம் ஆள விடமாட்டாரு. நானும் சத்தத்த வெச்சுத்தான் பொழைக்கிறேன் சார்."

இருபது வருடத்துக்கு மேல் இந்தக் கையால் அளக்கிறார். சம்பளம் வருவதோ ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக. சீட்டில் பதவி 'ஹெல்பர்'. ஏஜென்சிக்காரர் ஒரு கண்ணையும் தொட்டதில்லை, ஒரு நாளும் இந்த அறைக்குள் வந்ததில்லை. மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் அவருக்குப் போகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக் கையில் பிடித்து நிறுத்துகிறவரை ஹெல்பர் என்று எழுத எப்படி மனம் வருகிறது? கேட்டபோது எனக்குக் குரல் உயர்ந்தது. அக்கா புரோபைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்முன் கேஸ் ஷீட்டை நீட்டினேன். வலது கண் 22.6, இடது 23.1. "ரெண்டு கண்ணுக்கும் 0.3க்கு மேல வித்தியாசம் வந்தா திரும்ப எடுக்கணும் சார்." விரல் கீழே இறங்கியது. முன்னறை ஆழம் வலது 2.5, இடது 3.0. சற்று நேரம் பேசவில்லை.

"இன்னொரு கண்ணு எப்போ?"

"தையில."

"அளவுக்கு அம்மாவ இங்க கூட்டிட்டு வாங்க" என்றவர் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.