ரூர்கேலாவில் ஒரு தமிழ்நாடு

‘வளைகோல் பந்தாட்டம்’ என்று தொடங்கினால் மன்றத்து நண்பர்களுள் பாதிப்பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவர். ஆகவே ஹாக்கி என்றே எழுதுகிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. “கிரிக்கெட்டைப் பற்றி எழுதலாமே?” என்றார் மலர்க் குழு நண்பர். அதைப் பற்றி எழுதவும் பேசவும் இந்த மும்பை மாநகரில் ஆளுக்குப் பஞ்சமா? ஹாக்கிக்குத்தான் பஞ்சம். தேவ்நாரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் நாற்பது வீடுகள். ஹாக்கி பார்க்கும் வீடு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றிலும் இரண்டு கட்சி. ஒரு கட்சி என் தந்தையார். எதிர்க்கட்சி நான். அந்தச் சண்டையைத்தான் எழுதப் போகிறேன்.

ஹாக்கி இந்தியா லீக் என்னும் தொழில்முறைப் போட்டி 2013இல் தொடங்கி 2017 வரை நடந்தது. பின் நின்று போயிற்று. ஏழாண்டு உறக்கத்திற்குப் பின் 2024 டிசம்பர் 28ஆம் நாள் ஒடிசாவின் ரூர்கேலா நகரில் மீண்டும் கண் விழித்தது. ஆடவர் பிரிவில் எட்டு அணிகள்: டில்லி, ஹைதராபாத், கலிங்கம், வங்கம், பஞ்சாப்-அரியானா, உத்தரப் பிரதேசம், விசாகப்பட்டினம், தமிழ்நாடு. எண்ணிப் பாருங்கள், மும்பை இல்லை. முன்பு நடந்த ஐந்து ஆண்டுகளிலோ மும்பைக்கு அணி இருந்தது; தமிழ்நாட்டிற்கு இல்லை. அதாவது, என் ஊருக்கு அணி இருந்த காலத்தில் அப்பாவின் ஊருக்கு இல்லை. அப்பாவின் ஊருக்கு வந்தபோது என் ஊருக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டுச் சண்டைக்கு வேறு வித்து வேண்டுமா?

அப்பாவின் ஊர் கோவில்பட்டிக்கு அருகே ஒரு சிற்றூர். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் பெற்ற கோவில்பட்டிக்கு ஹாக்கியிலும் பெயர் உண்டு என்பதை நம்முள் பலர் அறியார். இலட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு அங்கே அகில இந்தியப் போட்டி நடக்கும். அந்நாள்களில் கடை வைத்திருப்பவரும் கட்டை வண்டி ஓட்டுபவரும் ‘பெனால்டி கார்னர்’ பற்றி வாதாடுவார்களாம். அப்பா கருவேலங் கொம்பை வளைத்துக் கட்டி ஆடியவர். எனக்கு ஆறு வயதாகும்போது பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்தோம். செம்பூர்ப் பக்கம் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை. கூடவே வந்த சீதனம் இந்த ஹாக்கி ஒன்றுதான்.

அந்தச் சீதனத்தை நான் செலவழித்தது சர்ச்கேட்டில். சர்ச்கேட்டுக்கும் மரீன் லைன்ஸுக்கும் இடையே, இரயில் பாதையை ஒட்டி மகேந்திரா ஹாக்கி அரங்கம் இருக்கிறது. 2017 சனவரியில் எனக்குப் பதினைந்து வயது. கோவண்டியில் ஹார்பர் வண்டி ஏறி, சி.எஸ்.டி.யில் இறங்கி, ஆசாத் மைதானத்தைக் கடந்து நடப்போம், அப்பாவும் நானும். தபங் மும்பை என்ற அணி. ஜெர்மனியின் ஃப்ளோரியன் ஃபுக்ஸ் ஆடினார். இன்று இந்திய அணியின் பெருந்தூணாக நிற்கும் ஹர்மன்பிரீத் சிங் அன்று இளைஞர், எங்கள் அணிக்காரர். ‘எங்கள்’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். அரங்கின் பக்கத்தில் மின்வண்டி தடதடவென்று ஓடும். பந்து வலைக்குள் விழும் ஓசையும் அந்தத் தடதடப்பும் இன்னும் என் செவியில் ஒன்றாகவே கேட்கின்றன. அவ்வாண்டு பிப்ரவரியில் சண்டிகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் கலிங்கா லான்சர்ஸ் எங்களை 4-1 என்று வீழ்த்தியது. அடுத்த ஆண்டு பழி தீர்க்கலாம் என்றிருந்தேன். அடுத்த ஆண்டு லீக்கே இல்லை. மீண்டும் வந்தபோது எங்கள் அணி இல்லை. தோற்ற அணிக்காக அழலாம். இல்லாத அணிக்காக என்ன செய்வது?

புதிய பருவம் தொடங்கிய அன்றே அப்பா அறிவித்துவிட்டார்: “டிராகன்ஸ்தான் நம்ம டீம். தமிழ்நாடுன்னு பேரே போட்டிருக்கான்லா?”

“பேர் இருக்குப்பா. ஆள் எங்க இருக்கு?” என்றேன்.

என் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அணித்தலைவர் அமித் ரோகிதாஸ் ஒடிசாக்காரர். கோல் காப்பவர் டேவிட் ஹார்ட், அயர்லாந்து. பெனால்டி கார்னர் அடிப்பவர் யிப் யான்சன், நெதர்லாந்து. முன்களத்தில் ஆஸ்திரேலியர். பயிற்சியாளரும் டச்சுக்காரரே. நம்மவர் என்று விரல் நீட்டிச் சொல்ல அரியலூர்க் கார்த்தி செல்வம் இருந்தார். கோவில்பட்டி விடுதியில் பயின்று, 2022 ஆசியக் கோப்பையில் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தவர். அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். இன்னொரு வேடிக்கை: அப்பருவத்து ஆட்டங்கள் எல்லாமே ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும் நடந்தன. தமிழ்நாட்டு அணி தமிழ்நாட்டு மண்ணை மிதிக்காமலே ஒரு பருவத்தை ஆடி முடித்தது.

ஆனால் ரோகிதாஸைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். அவர் பிறந்த சௌனமாரா, ரூர்கேலா இருக்கும் அதே சுந்தர்கட் மாவட்டத்துச் சிற்றூர். அவர் தமிழ்நாடு என்று எழுதிய சட்டையை அணிந்துகொண்டு தம் சொந்த மாவட்டத்தில், தம் மக்கள் முன்னிலையில் ஆடினார். 20,000 பேருக்கு மேல் அமரக்கூடிய பிர்சா முண்டா அரங்கில் தமிழ்நாட்டின் பெயர் முழங்கியபோது, முழக்கியவர்களுள் எத்தனை பேர் தமிழ்நாட்டைக் கண்ணால் கண்டிருப்பார்கள்! அந்த முழக்கத்தைத் தேவ்நாரில் தூர்தர்ஷனின் வாயிலாகக் கேட்ட இரண்டு தமிழருள் ஒருவர் மகிழ்ந்தார். மற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மற்ற அணிகளைப் பற்றி என் கருத்து யாருக்கும் வேண்டியதில்லை, எனினும் சொல்லிவிடுகிறேன். சூர்மா அணி ஹர்மன்பிரீத்தை 78 இலட்சத்திற்கு ஏலம் எடுத்தது. அவரை வைத்திருந்த ஊருக்கு அணியே இல்லாத ஏக்கத்தில் அவ்வணியை நான் வெறுத்தேன். வெறுப்பதற்கு வேறு காரணம் இல்லை. விசாகப்பட்டினத்து அணியின் பெயர் கோனாசிகா. அது ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்தில் வைதரணி ஆறு தோன்றும் இடம். ஆந்திரக் கடற்கரைக்கு ஒடிசா மலையின் பெயர்! ஹைதராபாத் தூஃபான்ஸ்தான் என் மனத்தைச் சிறிது கவர்ந்த அணி, கொன்சாலோ பெய்லட் ஒருவர் பொருட்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த மனிதர் அவர். பின்னர் ஜெர்மானியக் குடியுரிமை பெற்றார். 2023இல் புவனேஸ்வரத்தில் ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வென்று தந்தார். ஹைதராபாத் 68 இலட்சம் கொடுத்து அவரை எடுத்தது. பெய்லட் எந்த ஊர்க்காரர்? அர்ஜென்டினாவில் கேட்டால் ஒரு விடை வரும். ஜெர்மனியில் கேட்டால் மற்றொரு விடை வரும். அவரைக் கேட்டால் என்ன சொல்வாரோ!

பெய்லட்டும் யான்சனும் அடிக்கும் ‘டிராக் ஃபிளிக்’ பற்றிப் பௌதிக மாணவன் என்ற முறையில் சொல்ல எனக்கு உரிமை உண்டு. பெனால்டி கார்னரில் முதல் அடியைக் கோலால் ஓங்கி அடித்தால், பந்து 46 சென்டிமீட்டர் உயரத்திற்குள் கோல் கோட்டைக் கடக்க வேண்டும். இழுத்து வீசினால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே பந்தைக் கோலின் வளைவில் ஏந்தி, உடம்பையே வில்லாக முறுக்கி, தரையோடு இழுத்து வந்து எறிகிறார்கள். அடியில் பந்துக்கும் கோலுக்கும் உள்ள தொடர்பு கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதி. இழுப்பிலோ விசை நெடுநேரம் தொடர்கிறது. திசையும் கடைசி வரை கையிலேயே இருக்கிறது. விசையைக் காலத்தால் பெருக்கினால் வருவதே உந்த மாற்றம் என்று பள்ளியில் படித்தது வீண்போகவில்லை. 2016இலும் 2017இலும் இந்த லீக்கில், ஆட்டப்போக்கில் அடித்த கோலுக்கு இரண்டு, பெனால்டி கார்னருக்கு ஒன்று என்று கணக்கு வைத்தார்கள். உயிரைப் பணயம் வைத்துப் பந்தின் குறுக்கே ஓடும் ஐந்து காவலர்களையும் மீறி விழும் கோலுக்குப் பாதி மதிப்பா? அந்த விதி ஒழிந்ததில் அப்பாவும் நானும் ஒரே கட்சி.

தன்ராஜ் பிள்ளை விஷயத்திலும் ஒரே கட்சிதான். ஆனால் காரணம் வேறு வேறு. “தன்ராஜ் நம்ம ஆளு” என்பார் அப்பா, தமிழ்க் குடும்பம் என்பதனால். நானும் ‘நம்ம ஆளு’ என்பேன், பிறந்தது புனேயின் கட்கி என்பதனால். படைக்கலத் தொழிற்சாலை மைதானத்தைக் காத்துவந்த எளிய தமிழரின் மகன். ஒடிந்த கோல்களை ஒட்டவைத்து ஆடிப் பழகியவர். மும்பைக்கு வந்து மகேந்திரா அணியில் ஆடி உயர்ந்தவர். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. 1998இல் பாங்காக்கில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவர். 2005இல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியபோது சென்னை வீரன்ஸ் என்று ஓர் அணியும் மராத்தா வாரியர்ஸ் என்று ஓர் அணியும் இருந்தன. தன்ராஜ் எதில் ஆடினார்? மராத்தா வாரியர்ஸின் தலைவராக ஆடினார். இதை அப்பாவிடம் எடுத்துக்காட்டினால், “அதனால அவன் தமிழன் இல்லைன்னு ஆயிருமா?” என்பார். ஆகாதுதான். ஆனால் அவர் கட்கிக்காரர் இல்லை என்றும் ஆகிவிடாதன்றோ?

டொராண்டோவில் எனக்கு ஓர் அத்தான் இருக்கிறார். அந்நாட்டில் ஹாக்கி என்றால் பனித்தரையில் ஆடுவதையே குறிக்கும். நம் ஆட்டத்திற்குப் புல்தரை ஹாக்கி என்று அடைமொழி வேண்டும். அவருடைய மேப்பிள் லீஃப்ஸ் 1967இல் வென்ற ஸ்டான்லி கோப்பையை 2025 வரை மீண்டும் தொடவில்லை. என் புலம்பலைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு அவர் ஒரு கதை சொன்னார். கியூபெக் நகரத்தில் நார்டிக்ஸ் என்று ஓர் அணி இருந்ததாம். 1995இல் அதை விற்று அமெரிக்காவின் டென்வருக்குக் கொண்டுபோனார்கள். பெயரும் மாறியது. மறு ஆண்டே அந்த அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. “கியூபெக்காரன் அன்னைக்குச் சிரிச்சிருப்பானா, அழுதிருப்பானா, சொல்லு மாப்பிள்ளை” என்றார். அதே 1996இல் அணியை இழந்த வின்னிபெக் நகரம், பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து 2011இல் வேறோர் ஊரின் அணியைப் பெற்றது. ஒருவர் கண்ணீர், மற்றவர் கொண்டாட்டம். ஆறுதல் சொல்ல எடுத்த கதையா, புண்ணில் குத்த எடுத்த கதையா என்று எனக்கு விளங்கவில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை. 2025 சனவரி 31. டிராகன்ஸ் அரையிறுதிக்கு வந்திருந்தது. எதிரே வங்கப் புலிகள். அன்றுதான் அப்பாவுக்குப் பணி ஓய்வு. கழுத்தில் மாலையும் கையில் ஒரு கடிகாரமும் பையில் மிச்ச இனிப்புமாக வீடு திரும்பினார். மாலையைக் கழற்றித் தொலைக்காட்சியின் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அம்மா, “இன்னைக்காவது அந்தக் குச்சி ஆட்டத்தை விடுங்களேன்” என்றார். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அப்பா சொன்னார்: “ஏப்ரல்ல ஊருக்குப் போயிரலாம்னு இருக்கேன். வீட்டுக்கு ஓடு மாத்தணும். நீயும் படிப்பு முடிஞ்சதும் அங்கிட்டு ஒரு காலேஜ்ல பாரேன்.”

“நான் எதுக்குப்பா அங்க?” என்றேன்.

“நம்ம ஊருலா?”

நான் விடை சொல்லவில்லை. மேல்வகுப்பு முடித்தால் இங்கேயே ஆய்வுக்கு இடம் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். கனவு காண்பது மராத்தியும் இந்தியும் தமிழும் கலந்த ஒரு மொழியில். கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்த தெருக்கள் மூன்று. தேவ்நார்க் குப்பை மேட்டுக் காற்று எந்தப் பக்கம் திரும்பினால் எந்தச் சன்னலைச் சாத்த வேண்டும் என்பதுவரை இங்கே எனக்குத் தெரியும். இதையெல்லாம் மாலையும் கழுத்துமாக வந்தவரிடம் அன்றைக்குச் சொல்ல வேண்டுமா?

நான்கு கால்பகுதியும் முடிந்தபோது கோல்கள் சமம். ஷூட் அவுட் என்றார்கள். 23 மீட்டர்க் கோட்டிலிருந்து புறப்பட்டு எட்டு நொடிக்குள் கோல் காப்பவரை ஏமாற்றி அடிக்க வேண்டும். எட்டு நொடி என்பது எவ்வளவு நீளம் என்பதை அன்று கண்டேன். அப்பா எழுந்து நின்றார். என்னை அறியாமல் நானும் எழுந்தேன். டேவிட் ஹார்ட் பாய்ந்தபோது, ‘தடு!’ என்று கத்தியது என் குரல்தான். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தோற்றோம். ‘தோற்றோம்’ என்றே எழுதுகிறேன்.

மறுநாள் மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் சூர்மாவிடமும் தோல்வி. இறுதியில் வங்கப் புலிகள் ஹைதராபாத்தை 4-3 என்று வென்றனர். மூன்று கோல் அடித்த ஜுக்ராஜ் சிங், சிறு வயதில் அட்டாரி எல்லையில் தண்ணீர் பாட்டில் விற்றவர் என்று செய்தித்தாள்கள் எழுதின. பெய்லட் தலைகுனிந்து போனார். அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பெட்டி எந்தப் பரணில் இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டார்.

ஏப்ரலில் இருவரும் போய்விட்டார்கள். நான் தேவ்நாரிலேயே இரண்டு நண்பர்களோடு ஓர் அறையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகேந்திரா அரங்கில் உள்ளூர் ஆட்டம் ஏதேனும் இருந்தால் போவேன். பார்வையாளர் முப்பது பேர் இருந்தால் பெரிது. அவர்களிலும் பாதி ஆடுபவர்களின் உறவினர். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே அப்பா தொலைபேசியில் அழைத்தார். கோவில்பட்டி மைதானத்தில் பையன்கள் பயிற்சி செய்வதைத் தினமும் மாலையில் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். அப்போது அரங்கை ஒட்டி இரயில் ஒன்று போயிற்று. அவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

“சர்ச்கேட்லயா இருக்க?”

“ஆமாப்பா.”

“யாரு யாருக்கு?”

இரண்டு அணிகளின் பெயரையும் சொன்னேன். அவர் கேள்விப்பட்டிராத பெயர்கள். நானும் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

“யாரு முன்னால?”

“ஒண்ணுக்கு ஒண்ணு. இன்னும் கால்மணி நேரம் இருக்குப்பா.”

“சரி, போனை வைக்காத. அப்படியே கையில வச்சுக்க” என்றார்.