மாமியும் ஸ்குரூட்டினி குழுவும்

எங்கள் பகுதி முதியோர் பகல் நிலையத்தைக் கிழமைக்கு ஐந்து நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைக்கக் கவுன்சில் முடிவெடுத்துவிட்டது. அங்கே போய்வரும் மாமி ஒருவர்தான் சொன்னார். சில கவுன்சிலர்கள் அதைக் 'கோல்-இன்' செய்து ஸ்குரூட்டினி குழுவின் விசாரணைக்கு இழுத்திருக்கிறார்கள், புதன் இரவு கூட்டம், தன்னைக் காரில் ஏற்றிப்போக வேண்டும் என்பது கட்டளை. லண்டனுக்கு வந்து இருபத்து மூன்று வருடம். கவுன்சில் வரி கட்டுவதைத் தவிர அந்தக் கட்டடத்தோடு எனக்கு வேறு உறவு இருந்ததில்லை.

இங்கிலாந்தில் முன்பெல்லாம் எல்லாக் கட்சிக் கவுன்சிலர்களும் குழுக்களில் கூடித்தான் முடிவெடுத்தார்கள். 2000ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான கவுன்சில்களில் அதிகாரம் பத்துப் பேருக்கு மேற்படாத ஒரு கபினெட்டின் கைக்குப் போனது. மிச்சப்பேர் கைதட்டவா என்று யாரும் கேட்காதபடி அதே சட்டம் கொண்டுவந்ததுதான் முடிவுகளைத் துருவிப் பார்க்கும் இந்த ஸ்குரூட்டினி குழு. கபினெட்டில் இருப்பவர் இதில் உட்கார முடியாது. ஆனால் குழு கூப்பிட்டால் அவரும் அதிகாரிகளும் வந்து பதில் சொல்லியே ஆகவேண்டும். எடுத்த முடிவு நடைமுறைக்கு வருமுன் அதை மறுபடி யோசிக்கச் சொல்லிக் குழு திருப்பி அனுப்பலாம். ரத்துச் செய்ய முடியாது.

புதன் இரவு கூட்டத்தில் போய் உட்கார்ந்தபோது அதுதான் மாமிக்குச் செமிக்கவில்லை. "குறைக்க வேண்டாம் எண்டு இவையளால சொல்லேலாதெண்டா, பிறகு என்னத்துக்குத் தம்பி இவ்வளவு பேர் வந்திருக்கினம்?"

எனக்கும் விளங்கவில்லை. குழுவின் இடங்கள் கட்சிகளின் பலத்துக்கேற்பத்தான் பிரிபடுகின்றன. ஆகவே இங்கேயும் ஆளும் கட்சிக்காரர்தான் கூட. சொந்தக் கட்சித் தலைவரை எவ்வளவுதான் குடைவார்கள்? முதல் முக்கால் மணி நேரம் நன்றி, பாராட்டு, மறுபடி நன்றி.

பிறகு ஒரு பெண் கவுன்சிலர், அவரும் ஆளும் கட்சிதான், அறிக்கையில் ஒரு பக்கத்தைத் திறந்தார். நிறுத்தப்படும் நாட்களில் வருபவர்கள் மற்ற நாட்களுக்கு மாறுவார்கள் என்று எழுதியிருக்கிறதே, அவர்களை ஏற்றிவரும் வானில் எத்தனை இருக்கை? கபினெட் உறுப்பினர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கடதாசியைப் புரட்டினார். எழுத்தில் தருகிறோம் என்றார்கள். "பரவாயில்லை, காத்திருக்கிறேன்" என்று அந்தப் பெண் பேனையை மூடிவைத்தார். ஊரில் கந்தோர் வாசலில் விண்ணப்பத்தோடு காத்துக்கிடந்து பழகியவன் நான். கந்தோர்க்காரர் முழிக்க, மற்றவர்கள் ஆறுதலாகக் காத்திருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

இப்படிக் கேட்காமல் விட்ட கதையும் இந்த நாட்டில் உண்டு. ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் நோயாளர்கள் பட்ட அவலத்தை விசாரித்த ராபர்ட் பிரான்சிஸ், 2013இல் வெளிவந்த தன் அறிக்கையில் அந்தப் பகுதி ஸ்குரூட்டினி குழுக்களையும் விட்டுவைக்கவில்லை. மருத்துவமனை சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார்களே தவிர, துருவிப் பார்க்கவில்லை.

எங்கள் குழு முடிவைத் திருப்பி அனுப்பியது. கபினெட் கூடி அதே மூன்று நாளைத்தான் மறுபடியும் உறுதிசெய்தது. வான் மட்டும் இரண்டாகியது. மாமிக்கு முழுத் திருப்தியில்லை. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் ஐந்து நாள் முன்னரே வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை அச்செடுத்துத் தரட்டாம், பெரிய எழுத்தில்.