மண்ணைப் பார்த்துத்தான் டீம் போடணும்

இந்த வாரம் மஞ்சளும் இல்லை, மாடும் இல்லை. கிரிக்கெட். பட்டணத்துல இருக்கற நீங்க ஆபீஸ் கேன்டீன்ல பேசறதைத்தான் நாங்க டீக்கடையில பேசறோம். ஒரே வித்தியாசம், எங்க பேச்சு மண்ணுல இருந்து ஆரம்பிக்கும்.

2027 அக்டோபர், நவம்பர்ல ஒருநாள் உலகக்கோப்பை. தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா மூணு நாட்டுலயும் நடக்குது. 14 அணி. ஏழு ஏழாக ரெண்டு பிரிவு, ஒவ்வொண்ணுலயும் முதல் மூணு பேர் சூப்பர் சிக்ஸ், அப்புறம் அரையிறுதி. 2003ல இதே தென்னாப்பிரிக்காவுல நடந்தப்பவும் இந்த சூப்பர் சிக்ஸ்தான். அப்போ இந்தியா ரெண்டே ஆட்டம் தோத்துச்சு, ரெண்டும் ஆஸ்திரேலியாகிட்ட. ரெண்டாவது தோல்வி ஜோகன்னஸ்பர்க் இறுதி ஆட்டம். பாண்டிங் 140, அவங்க 359, நாம 234. அந்த மார்ச் 23ஐப் பத்தி எங்க ஊர்ல இன்னைக்கும் யாரும் முழுசாப் பேசி முடிச்சதில்லை.

அதனால இந்தத் தடவை டீம் போடற வேலையை நாங்களே எடுத்துக்கிட்டோம். நாங்கன்னா மூணு பேர். எழுபதைத் தாண்டின சித்தப்பா. 1983 இறுதி ஆட்டத்தை ரேடியோவுல கேட்டவர். காலேஜ் படிக்கிற அக்கா பையன், எங்க மாப்பிள்ளை. எந்தக் கணக்கைக் கேட்டாலும் போன்ல எடுத்து நீட்டுவான். நடுவுல நான்.

நான் முதல்ல சொன்னது ஒண்ணுதான். அக்டோபர்ல அங்க என்ன காலம்னு பாருங்க. அது பூமியோட தெற்குப் பக்கம். குளிர்காலம் முடிஞ்சு வசந்தம் தொடங்கற நேரம். ஜோகன்னஸ்பர்க், செஞ்சூரியன் இருக்கற மேட்டுப்பகுதியில குளிர்காலம் முழுக்க மழை கிடையாது. அக்டோபர்லதான் மத்தியானத்துக்கு மேல இடியோட மழை ஆரம்பிக்கும். அந்தச் சீமையில மக்காச்சோளம் விதைக்கிறதும் அந்த மாசங்கள்லதான். விதைக்கிற பதத்துல மண்ணு இருக்குதுன்னா, புல்லு துளிர்க்குதுன்னு அர்த்தம். புதுப் புல்லும் அடியில ஈரமும் இருக்கற களிமண் பிட்ச்ல பந்து எப்படிப் போகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துல இருந்து 1,700 மீட்டருக்கு மேல இருக்கு, காத்து லேசு. அடிச்ச பந்தும் பறக்கும், போட்ட பந்தும் பறக்கும்.

அதே நாட்டுல கேப் டவுன் பக்கம் போனா கதை தலைகீழ். அங்க குளிர்காலத்துலதான் மழை. அக்டோபர்ல காய ஆரம்பிச்சுடும். பக்கத்துல இருக்கற பார்ல் மைதானம் மந்தமான மண்ணு, பந்து தயங்கித் தயங்கி வரும். 2022 ஜனவரியில நம்மாளுங்க ஒருநாள் தொடர்ல மூணுக்கு மூணும் தோத்தாங்களே, அதுல முதல் ரெண்டு பார்ல்ல, மூணாவது கேப் டவுன்ல. ஆக ‘தென்னாப்பிரிக்கான்னா வேகப்பந்து’ன்னு கண்ணை மூடிக்கிட்டு டீம் போடறவன், எங்க ஊர்னா செம்மண்ணுதான்னு நினைச்சு கரிசல் காட்டுல செம்மண் பயிர் போடறவன் மாதிரி.

இவ்வளவும் சொன்னதுக்கு மாப்பிள்ளை, “சரிங் மாமா, ஓப்பனிங் யாரு? அதைச் சொல்லுங்க”ன்னான். சண்டை அங்கதான் ஆரம்பிச்சுது.

சுப்மன் கில் பத்தி தகராறே இல்லை. கேப்டன் அவர்தான். கூட இறங்கறது ரோஹித்தா, ஜெய்ஸ்வாலா?

மாப்பிள்ளைக்கு ரோஹித்துன்னா உசுரு. அவன் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. 2023 உலகக்கோப்பையில ரோஹித் அடிச்சது 597 ரன். அதைவிடப் பெரிசு, முதல் பத்து ஓவர்ல எதிராளியைத் திணறடிச்சு, பின்னால வர்றவங்களுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது. அகமதாபாத் இறுதி ஆட்டத்துலயே பாருங்க, பத்தாவது ஓவர்ல அவர் போனார். அதுக்கப்புறம் நாற்பது ஓவர்ல மொத்தமே நாலு பவுண்டரி. 2025ல துபாய்ல சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டத்துல 76 அடிச்சார். அதே வருசம் அக்டோபர்ல சிட்னியில ஆட்டமிழக்காம 121. “இதுக்கு மேல ஒரு மனுசன் என்னங் மாமா பண்ணணும்?”

சித்தப்பா ஒரே வரியில முடிச்சார். “கண்ணு, அப்போ அவனுக்கு நாப்பது வயசு.”

உண்மைதான். 2027 ஏப்ரல்ல ரோஹித்துக்கு நாற்பது முடியும். வயசை மட்டும் வச்சு ஆளை ஒதுக்கறதுல எனக்குச் சம்மதம் இல்லை. இம்ரான் கான் 39 வயசுல உலகக்கோப்பை இறுதி ஆட்டத்துல 72 அடிச்சுக் கோப்பையும் வாங்கிட்டுப் போனார். சச்சின் 37 வயசுல 482 ரன் எடுத்து 2011ல நமக்கு முதல் ஆளா நின்னார். எங்க சித்தப்பாவே இந்த வயசுலயும் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மடை திருப்பப் போறவர்தான். அதை நான் சொன்னப்ப அவர் டீ கிளாஸைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தார்.

எனக்கு உறுத்தறது வேற. அந்த மண்ணு. 2018ல இந்தியா தென்னாப்பிரிக்காவுல ஆறு ஆட்டத் தொடரை 5–1னு ஜெயிச்சுது. அங்க நாம ஜெயிச்ச முதல் ஒருநாள் தொடர் அது. அதுல ரோஹித் போர்ட் எலிசபெத்ல 115 அடிச்சார். மத்த அஞ்சு ஆட்டத்துல ஒரு தடவைகூட 20ஐத் தாண்டலை. அப்போ அவருக்கு முப்பது வயசு, நல்ல வாலிபம். அதே தொடர்ல கோலி 558 ரன், மூணு சதம். எழும்பி வர்ற புதுப் பந்தை எழுந்து நின்னு அடிக்கற கண்ணும் கையும் நாற்பதுல எப்படி இருக்கும்னு யோசிச்சேன். அதனாலதான் கோலியை (போட்டி நடக்கறப்பவே 39 ஆகும்) மூணாவது எடத்துல வச்சுக்கிட்டு, ரோஹித் எடத்துல ஜெய்ஸ்வாலை எழுதினேன். இடதுகை ஆள், கில் வலதுகை. பந்து போடறவன் ஒவ்வொரு ரன்னுக்கும் லைனை மாத்தணும். 2025 டிசம்பர்ல விசாகப்பட்டினத்துல தென்னாப்பிரிக்காவுக்கு எதிராவே ஆட்டமிழக்காம 116 அடிச்சிருக்கார்.

மாப்பிள்ளை பைக்கை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நாலு நாளா வீட்டுப் பக்கம் வரலை. அக்கா போன் பண்ணி, “ஏன்டா பையன்கிட்ட என்ன சொன்ன? சரியா சாப்பிட மாட்டேங்கறான்”னு கேட்டா. ரோஹித்தை டீம்ல இருந்து எடுத்துட்டேன்னு அக்காகிட்ட எப்படிச் சொல்றது?

நாலாவது ஷ்ரேயாஸ். சாம்பியன்ஸ் டிராபியில நம்ம அணியில அதிக ரன் அவர்துதான், 243. சத்தமில்லாம செஞ்சதால யாருக்கும் ஞாபகம் இல்லை. அஞ்சாவது கே.எல்.ராகுல், கீப்பிங்கும் அவர்தான். ஆறு ஹர்திக் பாண்ட்யா. ஏழு அக்சர் படேல்.

ஹர்திக் பேரை எழுதினதும் சித்தப்பா நிமிர்ந்து உக்காந்தார். அவர் பேச வேண்டிய எடம் அது. “எம்பத்தி மூணுல நாம எதை வச்சு ஜெயிச்சோம்? பேட் புடிக்கத் தெரிஞ்ச பவுலருங்களை வச்சு.” கபில், பின்னி, மதன்லால், மொகிந்தர். அந்தப் போட்டியிலயே அதிக விக்கெட் எடுத்தது ரோஜர் பின்னி, 18. இறுதி ஆட்டத்துல வெறும் 183 அடிச்சுட்டு வெஸ்ட் இண்டீஸை 140க்குச் சுருட்டினப்போ மொகிந்தர் 12 ரன்னுக்கு மூணு விக்கெட். ஈரமான மண்ணுக்கு அந்த மாதிரி ஆளுங்கதான் வேணும்ங்கறார் சித்தப்பா. நாற்பது வருசப் பழைய கதைன்னு தள்ளிவிட முடியலைங்க. 2023லயே பாருங்க, புனேயில பந்து போடறப்ப ஹர்திக் கணுக்கால் போச்சு. அதுக்கப்புறம் ஆறாவது பவுலர் இல்லாமலே இறுதி வரைக்கும் போனோம். நல்லா இருந்த வரைக்கும் யாருக்கும் தெரியலை. அகமதாபாத்ல டிராவிஸ் ஹெட்டும் லபுஷேனும் நின்னுக்கிட்டப்ப, பந்தைத் தூக்கிக் கொடுத்துப் பார்க்க வேற ஒரு கை இல்லை. ஒத்தை போர்வெல்லை நம்பி ஏக்கர் கணக்குல வாழை வச்சவன் கோடையில படற பாடு அது.

அதனால நிதிஷ் குமார் ரெட்டி பதினஞ்சு பேர்ல கட்டாயம் இருக்கணும். பதினொண்ணுல இல்லை; ஹர்திக்குக்கு மாத்து. மெல்போர்ன்ல டெஸ்ட் சதம் அடிச்ச பையன், பேட்டிங் தேறிடும். பந்துவீச்சு இன்னும் பழுக்கணும்.

இனிப் பந்துவீச்சு. பும்ரா. அவரைப் பத்தி எழுத என்ன இருக்கு? 2024 டி20 உலகக்கோப்பையில 15 விக்கெட், ஓவருக்கு 4.17 ரன். டி20ல இது! ஒரே கவலை அந்த முதுகு. 2025ல இங்கிலாந்துல அஞ்சு டெஸ்ட்ல மூணுதான் ஆடினார். அவரை இப்போ இருந்தே கணக்காப் பயன்படுத்தணும், எல்லாத் தொடருக்கும் இழுத்துக்கிட்டுப் போகக் கூடாது. அந்த அஞ்சையும் முழுசா ஆடி 23 விக்கெட் எடுத்து, ஓவல்ல 6 ரன்ல ஜெயிக்க வச்ச சிராஜ்தான் என் எட்டாவது ஆள். கேப் டவுன்ல தென்னாப்பிரிக்காவை 55 ரன்னுக்குச் சுருட்டினப்ப அவர் எடுத்தது 15 ரன்னுக்கு 6. ஒன்பது குல்தீப். பத்து பும்ரா, பதினொண்ணு அர்ஷ்தீப்.

அர்ஷ்தீப் ஏன்னு கேப்பீங்க. 2011ல ஜாகீர் 21 விக்கெட். 2024ல அர்ஷ்தீப் 17. நாம கோப்பை தூக்கின அந்த ரெண்டு வருசமும் ஒரு இடதுகை வேகம் உழைச்சிருக்கு. அதோட ஜோகன்னஸ்பர்க்ல 2023 டிசம்பர்ல அவர் 37 ரன்னுக்கு 5 எடுத்து, தென்னாப்பிரிக்கா 116ல முடிஞ்சுது. அதே ஆட்டத்துலதான் நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன் ஒருநாள் ஆட்டத்துல முதன்முதலா இறங்கி ஆட்டமிழக்காம 55 அடிச்சார். அவரைப் பதினஞ்சுல சேர்க்க முடியலைங்கறது எனக்கு வருத்தந்தான். ஓப்பனிங்குக்கும் கீப்பிங்குக்கும் சேர்த்து ஒரே ஆளா சஞ்சு சாம்சனை எடுத்துட்டேன். பார்ல்ல அவர் அடிச்ச 108 அந்த மந்தமான மண்ணுல அடிச்சது. மீதி ரெண்டு எடம் வாஷிங்டன் சுந்தர், வருண் சக்கரவர்த்தி. ஊர்ப்பாசம்னு நினைச்சாலும் நினைச்சுக்குங்க.

சுழலைக் குறைச்சுட்டியான்னு கேட்டா, இல்லை. 2018ல அங்க நாம ஜெயிச்சதே குல்தீப் 17, சாஹல் 16 விக்கெட் எடுத்ததாலதான். மணிக்கட்டுல சுழட்டறவனை அந்த ஊர்க்காரங்களுக்குப் படிக்க வரலை. பார்ல்ல ஆட்டம் வந்தா சிராஜை உக்கார வச்சுட்டு வாஷிங்டனை இறக்கணும். இன்னொண்ணு, 2025 ஜூலையில இருந்து விதி மாறியிருக்கு. முதல் 34 ஓவருக்குத்தான் ரெண்டு பந்து. அப்புறம் அதுல ஒரு பந்தை வச்சே கடைசி 16 ஓவர். பந்து பழசாகும், ஒரு பக்கம் தேயும். நாற்பதாவது ஓவருக்கு மேல தேஞ்ச பந்தோட பும்ரா ஓடி வர்றதை நினைச்சாலே எனக்குக் குளிருது.

சரி, ஜெயிப்பாங்களா?

அரையிறுதி போயிடுவாங்க, அதுல பெருசா சந்தேகமில்லை. சூப்பர் சிக்ஸ் நீண்ட பந்தயம். ஒரு நாள் சறுக்கினாலும் எழுந்துக்கலாம், நல்ல அணி மேல வந்துடும். அப்புறம் ரெண்டு ஆட்டம், ரெண்டே நாள். அங்க நான் பயப்படறது ஆஸ்திரேலியாவைக் காட்டிலும் தென்னாப்பிரிக்காவுக்கு. அவங்க கடைசியில உதறுவாங்கன்னு சொல்லியே பழகிட்டோம். 1999 அரையிறுதி டை, 2003ல சொந்த மண்ணு டர்பன்ல டக்வொர்த் லூயிஸ் கணக்கைத் தப்பாப் படிச்சு மறுபடியும் டை, 2024ல பார்படாஸ்ல 30 பந்துக்கு 30 ரன் வேணும்ங்கற எடத்துல இருந்து நம்மகிட்ட 7 ரன்ல தோல்வி. ஆனா 2025 ஜூன்ல லார்ட்ஸ்ல ஆஸ்திரேலியாவை அடிச்சு டெஸ்ட் சாம்பியன் ஆயிட்டாங்க. ஒரு தடவை நல்ல வெள்ளாமை வீடு வந்து சேர்ந்தவன் அடுத்த பட்டத்துக்குப் பயப்படாம விதைப்பான். சொந்த ஊர் வேற. 2011, 2015, 2019 மூணுமே நடத்தின நாட்டுக்குத்தான் போச்சு. அந்த வரிசையை 2023ல உடைச்சவங்க நாமதான்.

அதனால என் கணக்கு நாலுக்கு ஒண்ணு. பும்ரா முழுப் போட்டியும் ஆடினா மூணுக்கு ஒண்ணு. ஆடலைன்னா எட்டுக்கு ஒண்ணுன்னு வச்சுக்குங்க. சித்தப்பா கணக்கு என்னைவிட ஜாஸ்தி. ஹர்திக்கும் நிதிஷும் ரெண்டு பேருமே பதினொண்ணுல இருந்தா சரிபாதி வாய்ப்புங்கறார். யாரை எடுக்கறதுன்னு கேட்டா மட்டும் பதில் வராது.

மாப்பிள்ளை நேத்து வாட்ஸ்அப்ல அவனோட பதினோரு பேரை அனுப்பியிருந்தான். ரோஹித், கில்னு ஆரம்பிக்குது. என் பட்டியல்ல இருந்து வேற ஒருத்தரையும் மாத்தலை. கீழ ஒரு வரி: “இது ஃபைனல் மாமா.” நான் இன்னும் பதில் போடலை. அங்க நம்மளைவிட மூணரை மணி நேரம் பின்னாடி. பகலிரவு ஆட்டம்னா இங்க முடிய நடுராத்திரி ஆயிடும். அய்ப்பசியில எங்க ஊர்ல இடி இடிச்சா முதல்ல போறது கரண்டு. இன்வெர்ட்டர் இருக்கறது அவங்க வீட்டுலதான்.