கொழுந்துக் காலம்

எங்கள் ஊரில் மழை பெய்தால் முதல் கேள்வி, "வள்ளம் இறங்கிச்சா, இல்லியா?" என்பதுதான். இனயத்தில் யாரும் அண்ணாந்து பார்த்து, மரத்தில் இலை பழுத்திருக்கிறதா தளிர்த்திருக்கிறதா என்று கவலைப்பட்டு நான் கண்டதில்லை. எங்களுக்குத் தெரிந்த மரம் தென்னை. அது தையிலும் ஆடியிலும் ஒரே மாதிரி நிற்கும். வெளியூர்க்காரர்களிடம் இனயம் என்று சொன்னால், 2016இல் இங்கே சரக்குப் பெட்டகத் துறைமுகம் வரப்போவதாகச் சொன்னதும், கடற்கரை ஊர்கள் திரண்டு எதிர்த்ததும் நினைவுக்கு வரும். அந்தப் பெட்டிகள் வரவில்லை. நான் சொல்லப்போவது, எங்கள் ஊருக்குப் பின்னால் தென்னந்தோப்பில் ஆறேழு மாதம் கிடந்துவிட்டு, தை பிறந்ததும் மலையடிவாரத்துக்குக் கிளம்பும் வேறு பெட்டிகளைப் பற்றி.

பெட்டிக்காரர் கொச்சுமோன் எனக்கு மாமா முறை. ரத்த உறவு இல்லை, மீன் உறவு. என் அம்மா கடவத்தில் சாளை சுமந்து கருங்கல் பக்கத்து ஊர்களில் விற்ற காலத்தில், அவர்கள் வீடு வாடிக்கை வீடு. காசு குறைந்த நாளில் மீனுக்கு மரச்சீனிக் கிழங்கு வரும். வருடத்தில் ஒருமுறை, பெரும்பாலும் தவக்காலத்தில், ஒரு பாட்டில் தேன் வரும். தவக்காலத்தில்தான் ஏன் வருகிறது என்று சின்ன வயதில் நான் கேட்டதே இல்லை. ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருந்தேன்.

தை மாதக் கடைசியில் மாமா போனில் கூப்பிட்டார். "ரப்பரு கொழுந்து விட்டாச்சு மக்களே. இண்ணு ராத்திரி பெட்டி ஏத்துதோம். வாறியா?"

தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பெட்டிகளை ராத்திரியில்தான் எடுக்க வேண்டும். பகலில் எடுத்தால் வெளியே மேயப்போன தேனீ திரும்பி வந்து, பெட்டி நின்ற இடத்தையே சுற்றிச் சாகும். மாமாவும் அவர் மகனும் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு பெட்டியின் வாசலையும் கம்பி வலைத் துண்டால் அடைத்து, கயிறு போட்டுக் கட்டி, தாங்கு கம்பிலிருந்து குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார்கள். கம்பின் அடியில் எறும்புக்காக வைத்த தண்ணீர்க் கிண்ணங்களில் கொசு முட்டையிட்டிருந்தது. ஒரு பெட்டியில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். தூரத்தில் வள்ளத்து எஞ்சின் ஓடுவது போல ஒரு சத்தம். அறுபது பெட்டி, ஒரு மினி டெம்போ.

மழைக்காலம் முழுவதும் இந்த ஈக்களுக்குத் தென்னைதான் கதி. தென்னை வருடம் முழுவதும் பாளை விடும், மகரந்தம் கிடைக்கும். புழுவை வளர்க்க மகரந்தம் போதும், சேமிக்கிற அளவுக்குத் தேன் கிடையாது. இடைவிடாத மழையில் ஈ வெளியே போகவும் முடியாது. அதனால் ஆனி ஆடியில் சீனிப்பாகு காய்ச்சி ஊற்ற வேண்டும். "கடையில சீனி வாங்குகப்ப, தேன்காரனுக்கு எதுக்குவே சீனின்னு ஒரு பார்வை பாப்பான்" என்றார் மாமா. கலப்படம் செய்கிறவர் என்ற பெயர், செய்யாதவருக்கும் சேர்த்தே வந்துவிட்ட தொழில் இது.

கருங்கல், மார்த்தாண்டம், அருமனை தாண்டி களியல் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இறங்கியபோது விடியவில்லை. விடிந்ததும் நான் பார்த்தது, எங்கள் மாவட்டத்திலேயே இப்படி ஒரு காலம் வருகிறதா என்று திகைக்கவைத்தது. தரையெல்லாம் காய்ந்த இலை, காலை வைத்தால் முழங்கால் அளவுக்குச் சத்தம். மேலே மரங்களின் உச்சியில் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும் தளிர்கள். பக்கத்துச் சரிவில் ஒரு வாரம் முந்திய மரங்கள். அங்கே செம்பு மறைந்து இளம்பச்சை. அதற்கும் அப்பால் இன்னும் இலையே வராத மொட்டைக் கொப்புகள்.

பள்ளியில் படித்த பெரும்பொழுதுக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி. இளவேனில் சித்திரையில்தான் தொடங்கும். ரப்பர் மரத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. அது அமேசான் காட்டிலிருந்து வந்த மரம். மார்கழியில் இலையைக் கொட்டி, தையிலும் மாசியிலும் தளிர்க்கிறது. அதற்கு இங்கே யாரும் வசந்தம் என்று பெயர் வைக்கவில்லை. வசந்தம் சினிமாப் பாட்டில் வரும் சொல். களியலில் "கொழுந்துக் காலம்" என்கிறார்கள்.

இந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுவிடும். புது இலை முற்றும்வரை மரத்துக்கு ஓய்வு. வெட்டுகிறவர்களுக்கும் ஓய்வு, கூலி இல்லாத ஓய்வு. எங்கள் ஊரில் மீன்பிடித் தடைக்காலம் போல என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம், இங்கே தடை போடுவது மரம். மரத்தில் பால் நிற்கிற அந்த மாதத்தில்தான் அதே மரத்தில் தேன் சுரக்கிறது. பால்வெட்டுகிறவர்களில் சிலர் பத்துப் பெட்டி, இருபது பெட்டி வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

தேன் என்றதும் பூவைத்தான் தேடினேன். மாமா சிரித்தார். காற்றில் ஒடிந்து விழுந்திருந்த ஒரு கொப்பை எடுத்து, ஓர் இலையைக் கிள்ளி என் கையில் வைத்தார். ரப்பர் இலை மூன்று சிற்றிலை சேர்ந்தது. நீளமான காம்பின் நுனியில், அந்த மூன்றும் வந்து கூடும் இடத்தில், கடுகை அழுத்தி வைத்தது போலச் சின்னச் சின்னப் புடைப்புகள். அவற்றின் மேல் கண்ணாடி போல ஒரு துளி. நாக்கில் வைத்தேன். இனித்தது, சந்தேகமே இல்லை.

"பூவுத் தேனில்ல மக்களே, இலைத் தேனு. செம்பு நெறம் மாறி, இலை முத்துகதுக்கு முன்ன ஒரு பதம் உண்டு. அப்பம்தான் ஊறும். முத்திப்போச்சுன்னா அடைச்சிரும்."

ஒரு மரத்துக்கு அந்தப் பதம் இரண்டு மூன்று வாரம். எல்லா மரமும் ஒரே நாளில் தளிர்க்காததால் தோட்டத்துக்குத் தோட்டம், சரிவுக்குச் சரிவு தள்ளித் தள்ளி வரும். பங்குனி முடியும்வரை இழுத்துப் பிடிக்கலாம். ஒரு வருடத்துச் சோறு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதில் எத்தனை நாள் வெயில் அடிக்கும், எத்தனை நாள் மூடிக்கொள்ளும் என்பதுதான் மாமாவின் விவசாயம். அவருக்குச் சொந்தமாக ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது. பெட்டி வைக்க இடம் விட்டவருக்குப் பருவ முடிவில் சில பாட்டில் தேன், அதுதான் வாடகை.

மாசி நடுவில் மறுபடி போனேன், தேன் எடுக்கும் நாள். கதம்பையைப் பிரித்துப் பற்றவைத்து, புகைப்பானால் மூன்று ஊது ஊதி, மாமா மூடியைத் திறந்தார். கையுறை இல்லை, முகவலை இல்லை. அடித்தட்டு ராணியும் புழுவும் இருக்கும் அறை; அதில் கை வைக்கக்கூடாது. மேல்தட்டில்தான் தேன். ஒரு சட்டத்தை உருவி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். அடையில் முக்கால்வாசி அறைகளுக்கு ஈக்கள் வெள்ளை மெழுகால் மூடி போட்டிருந்தன. "மூடாத அடைய எடுத்தா தேனு வெள்ளமா இருக்கும், புளிச்சிரும். ஈயே சொல்லித் தந்திரும் எப்பம் எடுக்கணும்னு." சட்டத்தை ஒரு உதறு உதறினார். ஈக்கள் கொத்தாகப் பெட்டிக்குள் விழுந்தன. ஒட்டிக்கொண்டிருந்ததைக் குச்சித் துடைப்பத்தால் தள்ளினார்.

ஒன்று மட்டும் என் கண் இமைக்குக் கீழே கொட்டியது. நான் விரலால் பிடுங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டு, நகத்தால் பக்கவாட்டில் சுரண்டி எடுத்தார். கொடுக்கோடு விஷப் பையும் சேர்ந்துதான் நிற்கும். பிடித்துப் பிடுங்கினால் மிச்ச விஷத்தையும் நாமே உள்ளே பிதுக்கிவிடுவோம் என்பது மாமாவின் நம்பிக்கை. அன்று முழுவதும் ஒற்றைக் கண்ணால்தான் குறிப்பெடுத்தேன்.

வெந்நீரில் நனைத்த கத்தியால் அடையின் மெழுகு மூடியைச் சீவுவது மாமியின் வேலை. அப்பளம் போலச் சுருண்டு விழும் அந்தச் சீவலைப் பிள்ளைகள் வாயில் போட்டு மென்றார்கள். சீவிய சட்டங்களைத் தகர டிரம்முக்குள் செருகி, மகன் கைப்பிடியைச் சுற்றினார். முதலில் மெதுவாக, வேகமெடுத்தால் புது அடை உடைந்துவிடும். டிரம்மின் சுவரில் தேன் தூறல் விழும் சத்தம். சுற்றி முடித்ததும் காலி அடையைப் பத்திரமாகத் திருப்பிப் பெட்டியிலேயே வைத்தார்கள். மெழுகு கட்ட ஈக்குத் தேன் செலவாகும். பழைய அடை இருந்தால் அந்தத் தேன் நமக்கு மிச்சம். வெயில் ஒத்துவந்தால் எட்டுப் பத்து நாளில் அதே அடை மறுபடி நிறையும். "நல்ல வருஷம்னா பெட்டிக்கு பத்து பன்னெண்டு கிலோ. செல வருஷம் மூணு."

மூன்று கிலோ வருஷம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். மாமா என்னைச் சரிவின் அந்தப் பக்கம் கூட்டிப்போனார். அங்கே தளிர்கள் சுருண்டு, மேலே மாவு தூவியது போல வெள்ளை. தரையில் காய்ந்த இலையின் மேல் இளம் இலை உதிர்ந்து கிடந்தது. சாம்பல் நோய். ராத்திரிக் குளிர், காலை மஞ்சு, பகலில் மூட்டம், நடுவே சின்னச் சாரல், இவை நாலு நாள் சேர்ந்து வந்தால் தளிரில் பூஞ்சணம் பிடித்துக்கொள்ளும். விழுந்த இலைக்குப் பதிலாக மரம் மறுபடி தளிர்க்கும்தான். அதற்குள் கோடை மழை வந்துவிடும். மழையில் இலைத் துளி கழுவிப்போகும். வெளியே போக முடியாத ஈ சேர்த்ததையே தின்னும். தளிர்க்கிற சமயத்தில் கந்தகப் பொடி அடித்தால் நோயைத் தடுக்கலாம். அடிக்க வேண்டியது தோட்டக்காரர். 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டி விற்ற ரப்பர், 2016 தொடக்கத்தில் 100க்கும் கீழே போனது. அந்த வீழ்ச்சியில் பொடிக்குச் செலவு செய்யப் பலரும் யோசித்தார்கள். பால் விலை சரிந்தால் தேன் குறையும் என்று எந்தச் சந்தைக் கணக்கிலும் எழுதியிருக்காது. மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்தத் தொழிலே பல கைகள் சேர்ந்து வந்தது. முன்பு மலையிலும் மரப்பொந்திலும் தேடித்தான் தேன் எடுத்தார்கள். 1920களில், மார்த்தாண்டம் திருவிதாங்கூரில் இருந்தபோது, ஒய்.எம்.சி.ஏ.யின் கிராம மறுசீரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர், கோழி வளர்ப்போடு பெட்டியில் தேனீ வளர்ப்பதையும் ஊராருக்குப் பழக்கினார். பெட்டியின் அமைப்பு திருச்சிப் பக்கம் பணியாற்றிய நியூட்டன் பாதிரியாருடையது. இன்றும் "நியூட்டன் பெட்டி" என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். ரப்பர் மரம் பிரேசில். ஈ மட்டும் நம்மூர்.

அந்த ஈயும் ஒருமுறை கைவிட்டுப் போனது. 1991, 92இல் தென்னிந்தியா முழுவதும் பரவிய தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய். "புழு பை மாதிரி வீங்கி, உள்ள வெள்ளம் கட்டிக் கெடக்கும். ஊசியால குத்துனா ஒழுகும். ஒரு மாசத்துல பெட்டி காலி. அப்பன் பெட்டியள எல்லாம் கோழிக்கூடாக்கிட்டாரு" என்றார் மாமா. தப்பித்த சில கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் பிறகு பெருக்கினார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் கடற்கரை, கடலுக்குப் போன ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தது. மலையடிவாரத்தில் ரப்பர் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மாமா அந்த வாரம் பெட்டியைப் பார்க்கப் போகவில்லை. எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்.

2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாமாவிடம் கேட்டேன். "நல்லதுதான். வாங்க வாற வியாபாரி வெல கூட்டணுமே" என்றார். அவருக்குப் பெரிய தலைவலி வேறு. ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்துவிடும். பாட்டிலின் அடியில் வெள்ளையாகச் சீனி போலக் கட்டிக்கொள்ளும். அது இந்தத் தேனின் இயல்பு. வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். வாங்கியவர்கள் அடியைப் பார்த்துவிட்டு, சீனி கலந்து ஏமாற்றிவிட்டான் என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். சத்தியம் செய்தாலும் நம்புவதில்லை. என் அம்மாவே ஒருமுறை, "கொச்சுமோன் கையும் நீண்டுபோச்சே" என்று முணுமுணுத்ததுண்டு. அதை நான் மாமாவிடம் சொல்லவில்லை.

பங்குனி இரண்டாம் வாரம் இனயத்துக்குத் திரும்பியிருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் வந்தது. மாமா அன்று மார்த்தாண்டத்தில் ஏதோ கல்யாண வீட்டில் இருந்தார். கட்டடங்களுக்கு நடுவே அவருக்கு மலை தெரியவில்லை. எங்கள் ஆட்கள் கடலிலிருந்து மலைகளை அடையாளமாக வைத்துக் கணியம் பார்த்துத் தொழில் செய்கிறவர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"மக்களே, கடப்புறத்துக்குப் போயி கெழக்கு மலையப் பாத்துச் சொல்லு. மின்னுதா?"

மணலில் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். தென்னந்தலைகளுக்கு மேலே, வடகிழக்கே, மலை இருந்த இடத்தில் மலை இல்லை. கறுப்பாக ஒரு சுவர். அதற்குள் ஒருமுறை வெளிச்சம் வந்து போனது.

சொன்னேன்.

"இன்னும் இருவது பெட்டி எடுக்காமக் கெடக்கு" என்றார். பின்னால் கல்யாண வீட்டு மேளம் கேட்டது. போனை வைத்துவிட்டார்.